விரலுக்குத் தெரிகிற அலமாரி

அவருக்கு வீட்டில் வைத்த பேர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். கம்பெனியில் அவர் கழட்டி. வயதில் சின்னவர்களுக்குக் கழட்டி அண்ணன்.

வெளிநாட்டுக்கு வீடு மாறிப் போகிறவர்களின் கட்டில், மேசை, அலமாரிகளைப் பலகை பலகையாகப் பிரித்து, கப்பலில் போகிற மாதிரி கட்டிக் கொடுப்பது அவர் வேலை. கடையில் அட்டைப்பெட்டியாக வாங்கி வந்து, கூட வருகிற தாளைப் பார்த்து நாமே மாட்டிக்கொள்கிறோமே, முக்கால்வாசி அந்த வகைச் சாமான்கள்தான். முழுசாக ஏற்றினால் ஒரு அலமாரி அடைக்கிற இடத்தில், பிரித்துப் படுக்கப் போட்டால் ஒரு வீட்டுச் சாமானே போய்விடும்.

"பெருசா என்னத்த கழட்டிட்ட?" என்று யாராவது சீண்டினால், "இன்னைக்கு ரெண்டு கட்டில், ஒரு ஷூ ஸ்டாண்டு" என்று கணக்காகப் பதில் சொல்வார். அவர் மனைவிக்கும் இந்தப் பேரில் ஒரு கேலி உண்டு. "இருபத்திரண்டு வருஷத்துல என்னை ஒருத்தியத்தான் இவர் கழட்டி விடல" என்பாள்.

இந்த வேலைக்கு வருமுன் எட்டு வருஷம் ஒரு மரச்சாமான் கடையில் இருந்தார். அங்கே மாட்டுகிற வேலை. வாங்கியவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்து, மாட்டி, நிறுத்தி, கதவைத் திறந்து மூடிக் காட்டிவிட்டு வருவார். வீட்டுக்காரர் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். கழட்டுகிற வேலையில் அது இல்லை. பலகைகளுக்கு எண் எழுதிக் காகித டேப் ஒட்டுவார், போனில் படம் எடுப்பார், ஸ்குரூக்களைப் பையில் போடுவார், பெட்டி லாரியில் ஏறும். அத்தோடு சரி. அந்தப் பக்கம் அது நின்றதா, ஆடுகிறதா, யாருக்கும் வேண்டாமல் மூலையில் கிடக்கிறதா, ஒன்றும் தெரியாது. பதிமூன்று வருஷத்தில் அங்கிருந்து வந்த தகவல் எல்லாம், 'ரெண்டு ஸ்குரூ குறையுது' என்கிற மாதிரிப் புகார்கள்தான்.

ஒரு திங்கட்கிழமை ஆபீசில் ஒரு முகவரி கொடுத்தார்கள். மூன்றாவது மாடி. ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரே ஆள். போய்ப் பார்த்து, என்னென்ன கழட்ட வேண்டும் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். மணியை அடித்ததும் கதவைத் திறந்தது நாற்பதையொட்டிய ஒரு பெண்மணி. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி டாக்டர். வெளிநாட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துப் போகிறார்.

"செருப்பை அப்படியே வலது பக்கம் விட்டுடுங்கண்ணா. நடுவுல விட்டா நான் தடுக்கி விழுவேன்" என்றார்.

கழட்டி சொன்னபடி விட்டார். அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. கூடத்தில் மேசை, படுக்கையறையில் இழுப்பறை வைத்த கட்டில், இரட்டைக் கதவு அலமாரி, கனமான பெரிய புத்தகங்கள் அடுக்கிய ஒரு ஷெல்ஃப். எல்லாவற்றையும் பார்த்து எழுதிக்கொண்டு, வழக்கம்போல் போனை நீட்டினார். "இந்த மாதிரிதாம்மா ஒவ்வொரு பலகைக்கும் நம்பர் ஒட்டிப் படம் எடுத்துக் குடுப்போம். பாருங்க."

"எனக்குப் பார்வை இல்லண்ணா. நீங்களே சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

கழட்டி நீட்டிய போனை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றார்.

"பரவால்ல. வர்றவங்கள்ல பாதிப் பேர் படம்தான் காட்டுவாங்க" என்றார் டாக்டரம்மா. அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை.

பிறகு விஷயத்துக்கு வந்தார். அந்த ஊரில் இந்தச் சாமான்களைத் தானே மாட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். இந்த வீட்டுக்கு வந்தபோது அக்காவின் வீட்டுக்காரர்தான் எல்லாம் மாட்டினாராம். எந்த இழுப்பறை எந்தப் பக்கம், அலமாரிக் கொக்கி எந்த உயரம் என்று பழக ஒரு மாதம் ஆனது. அடுத்தவர் கை வைத்ததை அவர் தினமும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

"புது ஊரு, புது வேலை. தெருவையே புதுசாப் பழகணும். கட்டிலும் அலமாரியுமாவது நான் மாட்டினதா இருந்தா, ராத்திரி எழுந்தா எது எங்க இருக்குன்னு யோசிக்க வேண்டியதில்ல பாருங்க."

"பண்ணிடலாம்மா" என்று சொல்லிவிட்டார். மாடிப்படி இறங்கும்போதுதான், எப்படிப் பண்ணுவது என்று யோசித்தார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற ஒரு கம்பெனியில் தையல்காரி. எந்த வேலையைச் சொன்னாலும் முதலில் அதன் சிக்கல் எங்கே என்று பார்க்கிறவள். "ஸ்குரூவை எப்படிப் பிரிப்பாங்க? நீ நம்பர் எழுதி ஒட்டினா ஆச்சா?" என்றாள்.

கழட்டி சமையலறை ஸ்டூலை எடுத்து வந்து, கண்ணைத் துண்டால் கட்டிக்கொண்டு கழட்ட உட்கார்ந்தார். முதல் கால் வந்தது. இரண்டாவதைப் பிடுங்கும்போது ஒரு ஸ்குரூ கைநழுவி உருண்டது. தேடிக்கொண்டு தவழ்ந்ததில் மேசைக் காலில் தலை இடித்தது.

"மரை கழண்டது ஸ்டூலுக்கா உனக்கா?" என்று மனைவி கேட்டாள். ஸ்குரூவை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். பிறகு சீருடைத் துணியின் வெட்டுத்துண்டுகளில் பத்துப் பன்னிரண்டு சின்னப் பைகள் தைத்து, ஒன்றுக்கு ஒரு சட்டைப் பட்டன், அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்ததுக்கு மூன்று என்று வரிசையாக வைத்துத் தைத்துத் தந்தாள். சின்ன ஸ்குரூவுக்கு ஒரு பட்டன் பை, அதைவிடப் பெரிசுக்கு இரண்டு பட்டன் பை என்பது கழட்டியின் திட்டம்.

புதன்கிழமை காலை பைகளோடு போய், தானே கண்டுபிடித்த மாதிரிக் காட்டினார். டாக்டரம்மா பைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "யார் தைச்சது? தையல் ரொம்ப நேரா இருக்கு" என்று கேட்டார். மனைவி என்று ஒப்புக்கொண்டார்.

"ஆனா ஸ்குரூவோட சைஸை என் விரலே சொல்லிடும்ணா. அது எங்க போகணும்கறதுதான் எனக்குத் தெரியணும்."

அந்த ஒரு வார்த்தையில் கழட்டியின் திட்டம் தலைகீழானது. பையை ஸ்குரூவின் அளவைப் பார்த்துப் பிரிக்காமல் இடத்தைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அலமாரிக்கு நாலு மூலை. மேலே இடது மூலைக்கு உண்டான எல்லாமே, பெரிசோ சின்னதோ, ஒரு பட்டன் பையில். மேலே வலதுக்கு இரண்டு பட்டன். கீழே இடதுக்கு மூன்று, வலதுக்கு நாலு. பலகைகளுக்கு என்ன செய்வது? டாக்டரம்மாவிடம் பிரெயில் குத்துகிற கருவி இருந்தது. 'அலமாரி', 'கட்டில்' என்று பெட்டிக்கு மேல் ஒட்டத் தடித்த பிளாஸ்டிக்கில் குத்திக்கொள்வேன் என்றார். ஆனால் ஒட்டினது வழியில் உரிந்து போகலாம். பலகையிலேயே ஏதாவது இருந்தால் நல்லது.

கழட்டி தன் பெட்டியிலிருந்து ஒரு முக்கோண அரத்தை எடுத்தார். பக்கப்பலகையின் பின்விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். நகம் சிக்குகிற அளவுக்கு ஒரு வெட்டு விழுந்தது. அதோடு சேர வேண்டிய மேல்பலகையின் விளிம்பிலும் அதேபோல ஒன்று.

"ஒரு வெட்டு ஒரு வெட்டோட சேரணும். ரெண்டு ரெண்டோட. வெட்டு இருக்கற பக்கம் எப்பவும் சுவரைப் பார்த்து இருக்கணும்."

டாக்டரம்மா கட்டைவிரல் நகத்தால் விளிம்பை வருடிக்கொண்டே வந்து, வெட்டில் நிறுத்தினார். "இது போதும்ணா. இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

அன்று முழுக்க இருவரும் தரையில் உட்கார்ந்து கழட்டினார்கள். முக்கால்வாசி டாக்டரம்மாதான் கழட்டினார். கழட்டி ஒவ்வொரு இணைப்பிலும் அரம் போட்டுப் பையைக் கட்டினார். பலகைக்குள் உட்கார்ந்திருக்கும் வட்டப் பூட்டை அரைச் சுற்றுத் திருப்பினால் பிடி விட்டுவிடும், அதற்கு மேல் திருகினால் உள்ளே பொடியாகிவிடும். அதை ஒரு தரம்தான் சொன்னார். அடுத்த பூட்டுக்கு, "இது ஏற்கனவே லூசு, யாரோ ஒரேயடியாத் திருகியிருக்காங்க" என்று டாக்டரம்மாவே சொன்னார். நாளெல்லாம் மனிதர்களின் தோளையும் முட்டியையும் பிடித்துப் பார்க்கிற கை. எங்கே இறுக்கம், எங்கே தளர்ச்சி என்று அதற்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

புத்தக ஷெல்ஃபின் முறை வந்தபோது கழட்டி அடிப்பலகையை அழுத்திப் பார்த்தார். தரை துடைத்த தண்ணீரை வருஷக்கணக்காகக் குடித்து உப்பியிருந்தது. "இதைக் கொண்டுபோகாதீங்க டாக்டரம்மா. கழட்டினா மறுபடி நிக்காது. கப்பல் ஈரத்துல மாவாயிடும்."

"புத்தகத்தை எங்க வைப்பேன்?"

"அங்க புதுசா ஒண்ணு வாங்கிக்குங்க. கூட வர்ற தாளை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, நீங்களே மாட்டிடுங்க. இதுல பழகினா அது பெரிய விஷயமில்ல."

டாக்டரம்மா அடிப்பலகையைத் தானும் அழுத்திப் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

சாயங்காலம் சூப்பர்வைசர் போனில் பிடித்தார். "ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அலமாரி. அரை நாள் வேலை. நீங்க அரண்மனையையா கழட்டறீங்க?"

"நாளைக்கும் ஆகும் சார்."

"நாளைக்கு எதுக்கு?"

"திரும்ப மாட்டிப் பாக்கணும்."

கழட்டினதை மாட்டிப் பார்க்க ஒரு நாள் கேட்ட ஆளை அந்த சூப்பர்வைசர் அதுவரை பார்த்ததில்லை. "உங்க லீவுல கழிச்சுக்கறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். அப்படியே கழிக்கவும் செய்தார்.

வியாழக்கிழமை டாக்டரம்மாவின் அக்கா வந்திருந்தார். கையில் ஒரு நோட்டு, அதில் நீளமான பட்டியல். கூடத்தின் நடுவில் தங்கை பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மேசையை மாட்ட ஆரம்பித்தார் தங்கை. அக்கா பின்னாலேயே நின்றுகொண்டு, "இடது பக்கம், இடது பக்கம், இன்னும் கொஞ்சம்" என்றார்.

"அக்கா, டீ போடேன்."

"இப்பத்தானே குடிச்ச."

"அண்ணனுக்குப் போடு."

அக்கா சமையலறைக்குப் போனார். மேசையின் மேல்பலகையில் இடது பக்கப்பலகை உட்கார்ந்தது. வலது பக்கப்பலகை உட்கார மறுத்தது. டாக்டரம்மா இரண்டு தரம் எடுத்துத் தடவிப் பார்த்து மறுபடி வைத்தார். வெட்டும் வெட்டும் சேர்ந்துதான் இருந்தன, ஆனால் துளைகள் உள்ளே பார்க்காமல் வெளியே பார்த்தன. கழட்டி பக்கத்தில் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"தப்பு என் மேலதான். நம்பர் டேப் ஒட்டற பழக்க தோஷத்துல, இந்தப் பலகைக்கு முன்விளிம்புல வெட்டிட்டேன்."

"அதானே பார்த்தேன். என் விரல் மேலேயே சந்தேகம் வந்துடுச்சு" என்று டாக்டரம்மா சிரித்தார். கழட்டி தப்பான வெட்டுகளை மெழுகு வைத்து அடைத்து, பின்விளிம்பில் புதிதாகப் போட்டார். பிறகு ஒன்று விடாமல் எல்லாப் பலகைகளையும், இந்தத் தரம் தானும் கண்ணை மூடிக்கொண்டு, நகத்தால் தடவிச் சரிபார்த்தார். மேசை மத்தியானத்துக்குள் நின்றது. கட்டிலை மாட்டிக் கழட்டுவதற்குள் நாலு மணி. அலமாரிக்கு நாலு மூலையையும் சேர்த்துப் பார்த்தார்கள். பின்புறத்தை மூடி ஆணி அடிக்கிற மெல்லிய மரத்தகட்டுக்கு நேரமில்லை. கீழே லாரி வந்து நின்றுவிட்டது.

லாரி ஓட்டுகிறவன் கழட்டியின் மச்சான், மனைவியின் தம்பி. அவனும் இன்னொருவனும் மேலே வந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்தார்கள். கழட்டி ஒவ்வொரு பலகை மூலைக்கும் அட்டைக் காப்பு வைத்து, பிளாஸ்டிக்கால் சுற்றி, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களை உள்ளே போட்டுக் கட்டினார். படிக்கட்டு ஓரத்தில் அக்கா தனியாக நின்றிருந்தார்.

"நிஜமாவே மாட்டிடுவாளா?" என்று கேட்டார்.

"மாட்டிடுவாங்கம்மா. என்னைவிடப் பொறுமை இருக்கு."

"சின்ன வயசுல நான்தான் அவளுக்கு ஷூ கயிறு கட்டி விடுவேன். அவளுக்குக் கட்டத் தெரிஞ்ச பிறகும் ரெண்டு வருஷம் கட்டிவிட்டேன். ஒருநாள் அவ காலை வெடுக்குனு இழுத்துக்கிட்டா." அக்கா நோட்டை மூடினார். "அன்னைக்கு எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னைக்கும் அதே மாதிரிதான் வருது."

"டீ நல்லா இருந்துச்சும்மா" என்றார் கழட்டி. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

பெட்டிகள் போய்விட்டன. கழட்டி வேறு வீடுகளுக்குப் போனார். ஒரு வீட்டில் ஆறு கதவு அலமாரி, இன்னொன்றில் குழந்தைகளுக்கான இரட்டை அடுக்குக் கட்டில். வழக்கம்போல் எண் ஒட்டினார், படம் எடுத்தார். முதல் மாதம் டாக்டரம்மாவைப் பற்றி மனைவியிடம் இரண்டு மூன்று தரம் பேசினார். இரண்டாவது மாதம் பேச்சு குறைந்தது. கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும் என்று ஒருநாள் மச்சான் சொன்னான். போன் எதுவும் வரவில்லை. ஒரு ஆளைப் பிடித்து மாட்ட வைத்திருப்பார், அதைச் சொல்லக் கூச்சமாக இருந்திருக்கும் என்று கழட்டி தானாக ஒரு முடிவுக்கு வந்தார். அதில் தவறொன்றுமில்லை என்றும் தன்னையே சமாதானம் செய்துகொண்டார்.

ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம். பாதி காலியான ஒரு வீட்டில், பெட்டிகளுக்கு நடுவே டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரும் மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள். போன் அடித்தது. நீளமான எண்.

"அண்ணா, நான்தான். வேலையா இருக்கீங்களா?"

"சாப்பிடறேன் டாக்டரம்மா. சொல்லுங்க, சொல்லுங்க."

"கட்டிலை வந்த அன்னைக்கே மாட்டிட்டேன். மேசைக்கு ரெண்டு நாள். அலமாரி மூணு வாரமா நடக்குது. வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம், அதுக்கு மேல உடம்பு கேக்கல." குரலில் களைப்பு இருந்தது, தெம்பும் இருந்தது. "ஒரு பலகையோட கீழ் மூலை வழியில உடைஞ்சு போச்சு. நாலு வெட்டு போட்டீங்களே, அது. விளிம்பே இல்ல."

கழட்டியின் கையில் கவளம் நின்றது. "அப்புறம்?"

"மூணு மூலை சரியா உட்கார்ந்துடுச்சு. மிச்சம் இருந்தது ஒரே மூலை, ஒரே பை. நல்லவேளை, துளை உடையல. அது ஒண்ணும் பெரிசில்ல. இப்ப பின்தகடுதான் பிரச்சினை. அதை நாம மாட்டிப் பாக்கவே இல்ல. ஆணி அடிச்சா சிலது பிடிக்குது, சிலது பிடிக்கல. அலமாரியைக் குப்புறப் போட்டிருக்கேன்."

கழட்டி டப்பாவைத் தள்ளி வைத்தார். "போனைத் தரையில, அலமாரிகிட்ட வைங்க. துணி காயப்போடற கிளிப் இருக்கா? ஆணியை அதால பிடிச்சுக்குங்க. விரல்ல பிடிக்காதீங்க. அடிங்க, நான் கேக்கறேன்."

மச்சான் வாயில் சோற்றோடு பார்த்தான். போனிலிருந்து ஒரு 'டக்' வந்தது. இன்னொரு 'டக்'.

"அது காத்துல போகுது. தகட்டை மட்டும் ஓட்டை போட்டிருக்கு. ஆணியைப் பிடுங்கிட்டு, ஓரத்துப் பக்கமா அரை விரல் தள்ளி வைங்க."

கொஞ்ச நேரம் உரசல் சத்தம். பிறகு 'டொக்'. கனமான, அடங்கிய சத்தம்.

"அதான். பலகையில இறங்குது. அப்படியே ரெண்டு போடுங்க."

டொக், டொக்.

அடுத்த ஆணி. அடுத்தது. ஒன்று வளைந்தது, அதைப் பிடுங்கச் சொன்னார். மூலையில் ஒன்று மறுபடி 'டக்' என்றது. கழட்டி சொல்லுமுன்பே, "இது காத்து" என்று டாக்டரம்மாவே சொல்லித் தள்ளி வைத்தார். அதற்குப் பிறகு கழட்டிக்குச் சொல்ல வேலையே இல்லை. சுவரில் சாய்ந்து, போனைக் காதோடு வைத்துக்கொண்டு, எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார். இருபத்திநாலு ஆணி. டப்பாவில் சாப்பாடு ஆறிப்போனது. மச்சான் தன் பங்கை முடித்துவிட்டு, சத்தம் வராமல் எழுந்து போய்க் கை கழுவினான்.

"அவ்வளவுதானாண்ணா?"

"அவ்வளவுதான். தனியாத் தூக்கி நிறுத்தாதீங்க. மடங்கிடும். யாரையாவது கூப்பிடுங்க."

"பக்கத்து வீட்டம்மா வந்து அரை மணி நேரமாக் கட்டில்ல உக்காந்திருக்காங்க. நம்ம பேச்சு அவங்களுக்கு ஒண்ணும் புரியல. ஆணி எண்ணிக்கிட்டு இருந்தாங்கன்னு நினைக்கிறேன்."

போன் வழியே இரண்டு பெண்களின் மூச்சு கேட்டது. ஏதோ ஒரு மொழியில் பக்கத்து வீட்டம்மா ஒரு வார்த்தை சொன்னார். தரையில் மரம் உராய்ந்தது. அலமாரி நிமிரும்போது வருகிற அந்த ஒற்றை 'தொம்' சத்தத்தைக் கடையில் எட்டு வருஷம் கேட்டவர் கழட்டி. இந்தத் தரம் அதைக் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். பிறகு ஒரு கதவு திறந்து மூடியது. இன்னொரு கதவும்.

"ஆடுதா?" என்று கேட்டார்.

"இருங்க, தள்ளிப் பாக்கறேன்." சற்றுப் பொறுத்து, "ஆடல."

"எந்தப் பக்கம் நிறுத்தியிருக்கீங்க?"

டாக்டரம்மா அறையைச் சொன்னார். கதவிலிருந்து ஆறு எட்டு வைத்தால் கட்டில், தலைமாடு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம். கட்டில் காலிலிருந்து நாலு எட்டில் அலமாரி. வலது கையை நீட்டினால் கொக்கி. ஜன்னல் வழியாக ஒரு பள்ளிக்கூட மணி கேட்கும். மேசை ஜன்னலோரம். புத்தகங்கள் இன்னும் பெட்டியில்தான், ஷெல்ஃப் அடுத்த மாதம் வாங்க வேண்டும். கழட்டி கேட்டுக்கொண்டே இருந்தார். பதிமூன்று வருஷத்தில் அவர் அனுப்பிய சாமான்களில் ஒன்று போய் நின்ற அறையை, முதல் தடவையாக ஒருவர் அவருக்குச் சொன்னார்.

"அக்காவுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார்.

"இனிமேதான். அவகிட்ட சொன்னா, ஏன் தனியா ஆணி அடிச்சேன்னு ஒரு மணி நேரம் திட்டுவா. அதான் முதல்ல உங்களுக்கு."

போனை வைத்த பிறகு ஆறிய சாப்பாட்டை எடுத்துச் சாப்பிட்டார். உள்ளறையிலிருந்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். தன் கட்டில் இன்னும் அப்படியே நிற்பதைப் பார்த்துவிட்டு, "என்னங்க, ரொம்ப நேரமா போன்ல டொக் டொக்னு ஒரே சத்தம்?" என்றார்.

"ஒருத்தங்க அலமாரி நிறுத்தினாங்க சார்" என்றார் கழட்டி. டப்பாவை மூடி, கையைக் கழுவிக்கொண்டு வந்து, கட்டிலின் தலைப்பலகைப் பக்கம் மண்டியிட்டு உட்கார்ந்தார். திருப்புளியை எடுத்தவர், அதை வைத்துவிட்டுப் பெட்டிக்குள் அரத்தைத் தேடினார்.

"இவருக்கு எதுக்கு மாமா வெட்டு?" என்றான் மச்சான்.

"டேப் உரிஞ்சு போகும்டா" என்றார், பின்விளிம்பைக் கையால் துடைத்துக்கொண்டே.